கொடியில் காய்ந்த அரசுப் பணம்

தென்காசிக்காரர்களுக்கு ஈர நோட்டு ஒரு விஷயமே இல்லை. சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்திலிருந்து ஊருக்குள் வரும் பணத்தில் பாதி நனைந்துதான் வரும். அருவிக்கரையில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால், குளித்துத் திரும்பும்போது சட்டை இருக்கும், பையில் இருந்தது இருக்காது. சில நாள் குரங்கு சட்டையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அதனால் விவரம் தெரிந்த ஆண்கள் பணத்தைப் பட்டாபட்டி டவுசரின் பைக்குள் போட்டுக்கொண்டே அருவிக்குள் தலையைக் கொடுப்பார்கள். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் அந்த நோட்டை வாங்கி, காய்ந்த நோட்டுகளுக்கு நடுவில் செருகி ஒரு அழுத்து அழுத்திக்கொள்வார். டீக்கடையில் பாய்லர் மூடிமேல் பத்து ரூபாய் நோட்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இந்தப் பழக்கத்தால்தான் எங்கள் அண்ணாச்சி ஓய்வுபெற முடியாமல் போனது. அதில் என் பங்கு என்ன என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அப்போது தென்காசியில் ஒரு நீதிமன்றத்தில் பிராப்பர்ட்டி கிளார்க். எந்த நீதிமன்றம் என்று சொல்லப் போவதில்லை; சொன்னால், எழுதுவதற்கு முன் அனுமதி வாங்கினாயா என்று ஒரு மெமோ வரும். வழக்குகளில் போலீஸ் கைப்பற்றிக் கொண்டுவரும் பொருட்களை வாங்கி, எண் போட்டு, தீர்ப்பு வரும்வரை ஓர் அறையில் வைத்துக் காப்பது என் வேலை. துருப்பிடித்த அரிவாள்கள், மணல் அள்ளிய சட்டிகள், ஒற்றைச் செருப்பு, வழக்கு முடிந்தும் யாரும் வாங்க வராத சைக்கிள்கள், அருவியில் தடையை மீறித் தேய்த்துக் குளித்தவர்களிடம் பிடித்த ஷாம்பு பாக்கெட்டுகள் ஒரு சாக்கு என்று அந்த அறையில் எல்லாம் இருந்தது. அந்த ஷாம்பு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவேட்டில் ஏற்றியவள் நான். ஒரு பாக்கெட்டை எலி கடித்தபோது எலியைப் பற்றி ஒன்றரைப் பக்க அறிக்கை எழுதியிருக்கிறேன். வேலையில் எனக்கு ஒழுங்கு வேண்டும். மற்றவர்களிடம் அது இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. நல்ல பதிவேடு உண்டு.

அண்ணாச்சி என்று எல்லோரும் கூப்பிட்டது எங்கள் தலைமை எழுத்தரை. சீசன் மூன்று மாதமும் விடியற்காலையில் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு முதல் ஆளாக அலுவலகத்துக்கு வந்து நிற்பார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டார். நாங்கள்தான் சொல்லிக்கொள்வோம்.

வழக்கு ஒரு சீட்டாட்ட வழக்கு. ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு தோப்பில் ஐந்து பேர் பணம் வைத்து ஆடியிருக்கிறார்கள். போலீஸைக் கண்டதும் நான்கு பேர் தோப்புக்குள் ஓடிவிட்டார்கள். ஐந்தாமவர் வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், கொஞ்சம் கனத்த உடம்பு, ஓட முடியாது. அவர் நடுவில் கிடந்த பணத்தை அள்ளி டவுசர் பையில் திணித்துக்கொண்டு, நேராக அருவிக்குப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாகத் தலையைக் கொடுத்து நின்றுவிட்டார். போலீஸார் கரையில் நின்று அரை மணி நேரம் கூப்பிட்டிருக்கிறார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று நின்றாராம். கடைசியில் ஓர் ஏட்டையா உடுப்போடு உள்ளே இறங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பையில் இருந்தது பதிமூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். ஒவ்வொரு நோட்டின் நம்பரையும் படிவத்தில் எழுதி, கவரில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து எங்களிடம் அனுப்பினார்கள். அரக்கு காய்ந்திருந்தது, நோட்டு காயவில்லை. வழக்கமாக ரொக்கத்தைக் கருவூலத்தில் கட்டிவிடுவோம். இந்த வழக்கில் அந்த நோட்டுகளையே சாட்சியாகக் காட்ட வேண்டும் என்று போலீஸ் எழுதிக் கேட்டிருந்ததால், அப்படியே வைக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் கவரிலிருந்து வாடை வந்தது.

"அண்ணாச்சி, நோட்டு பூஞ்சை பிடிக்கப் போவுது. என்ன செய்யணும்னு மேல எழுதிக் கேக்கட்டுமா?"

"எழுதிக் கேட்டா பதில் வாரதுக்குள்ள நோட்டு மண்ணாப் போயிரும். நடுவர் ஐயாகிட்ட நான் வாயால சொல்லிக்கிடுதேன். கொடி கட்டிக் காயப் போடும்மா. காஞ்சதும் புதுக் கவர்ல போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுருவோம்."

வழக்குக் கட்டுகளைக் கட்டும் நாடாவை ஜன்னலிலிருந்து அலமாரிவரை இழுத்துக் கட்டினேன். கிளிப் போட்டுப் பதிமூன்று நோட்டையும் மாட்டிவிட்டு மின்விசிறியைப் போட்டேன். அரிவாள்களுக்கு மேலே வரிசையாகப் பணம் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அண்ணாச்சி குளித்துவிட்டு வந்து அறை வாசலில் நின்றார். பிராப்பர்ட்டி கிளார்க்கைத் தவிர வேறு யாரும் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது விதி. தலைமை எழுத்தராக இருந்தும் அவர் அந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை. வாசலில் நின்றபடியே மூன்று ஈர ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினார்.

"ஏம்மா, ஓரத்துல நம்ம நோட்டும் மூணு கெடந்து காயட்டும். மத்தியானம் வாங்கிக்கிடுதேன்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எலிக்கு அறிக்கை எழுதியவளுக்கு இது தெரியாதா? ஆனால் தென்காசியில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு, நோட்டுக் காயப்போட இடம் கேட்பவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வலது ஓரத்தில் மூன்றையும் நானே மாட்டினேன்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. திரும்பி வந்த வேகத்தில் விசிறி சுழன்று ஏழெட்டு நோட்டுகள் கீழே விழுந்தன. பொறுக்கி எடுத்து மறுபடி மாட்டினேன். எதை எங்கே மாட்டினேன் என்று கவனிக்கவில்லை. மத்தியானம் அண்ணாச்சி வாசலுக்கு வந்து, "என் மூணையும் எடுத்துத் தாம்மா, மங்குஸ்தான் வந்திருக்காம்" என்றார். வலது ஓரத்திலிருந்து மூன்றைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். பார்க்கக்கூடச் செய்யாமல் பையில் வைத்துக்கொண்டு போனார். எனக்கும் அரைக் கிலோ வாங்கி வந்து தந்தார். நல்ல இனிப்பு.

சாயங்காலம் கொடியில் மிச்சம் இருந்ததை எண்ணினேன். பதிமூன்று. கவரில் போட்டு ஒட்டி, இருவரும் கையெழுத்திட்டோம். நம்பரை ஒப்பிட்டுப் பார்க்க என் புத்திக்குத் தோன்றவில்லை.

மறு வருஷம் சீசன் தொடங்கும்போது வழக்கு விசாரணைக்கு வந்தது. அண்ணாச்சி ஓய்வுபெற இருபத்தாறு நாள் இருந்தது. பின்னால் பிடிபட்ட மற்ற நால்வரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வடகரைக்காரர் மட்டும், தான் சீட்டே ஆடவில்லை, அது தேங்காய் விற்ற காசு, குளிக்கத்தான் போனேன் என்று நின்றார். அவருடைய வக்கீல், நோட்டுகளைப் போலீஸ் மாற்றிவிட்டது, நம்பரை வாசிக்க வேண்டும் என்றார். நான் கவரைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசித்தேன். பத்து நோட்டுகள் படிவத்தோடு ஒத்துப்போயின. மூன்று ஒத்துப்போகவில்லை.

"மொத்தத் தொகை சரியா இருக்கும்மா" என்றேன் புதிதாக வந்திருந்த நடுவர் அம்மாவிடம்.

"தொகையைப் பத்தி இங்க யாரும் கேக்கல" என்றார் அவர்.

வடகரைக்காரர் விடுதலை ஆனார். பணத்தை அவரிடமே திருப்பித் தர வேண்டும். நீதிமன்றக் காவலில் இருந்த பணத்தில் கைவைத்த ஊழியர் யார் என்று விசாரிக்க வேண்டும். தீர்ப்பின் கடைசிப் பத்தியில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. பணத்தைக் கொடுக்க அவரைக் கூப்பிட்டேன். எண்ணிப் பார்த்துப் பத்தை மடித்து வைத்துக்கொண்டு மூன்றை என் மேஜைமேல் தள்ளினார்.

"இது என் நோட்டு இல்ல. அடுத்தவன் காசு எனக்கு என்னத்துக்கு?"

"ஐந்நூறு ஐந்நூறுதானங்க."

"அப்பம் கோர்ட்டுல எதுக்கு நம்பர் வாசிச்சிய?"

பத்து நோட்டு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன்னுடைய மூன்று நோட்டுகளைக் கண்டுபிடித்துத் தருமாறு ஒரு மனுவும் கொடுத்துவிட்டுப் போனார். சீட்டாடுகிறவருக்கு இவ்வளவு நேர்மை எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

முதற்கட்ட விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சின்ன எழுத்தில் நிறைய எழுதுகிறவர். அரசுக் காவலில் இருந்த பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு குறைவு என்று முதல் குற்றச்சாட்டை எழுதினார். கவரில் பதிமூன்று இருந்ததே என்று நான் கேட்டேன். அந்த மூன்றும் அரசுப் பணம் இல்லையே, அவை இந்த அறையில் எப்படி வந்தன என்று கேட்டு, கணக்கில் வராத பணம் ஆயிரத்து ஐந்நூறு என்று இரண்டாவதை எழுதினார்.

"ரெண்டையும் கழிச்சா ஒண்ணுமில்லையே சார்."

"குத்தத்தைக் கழிக்க முடியாதும்மா. கூட்டத்தான் முடியும்."

குறைவை உடனே ஈடுகட்டச் சொன்னார். அண்ணாச்சி அன்றே ஆயிரத்து ஐந்நூறு கட்டினார். பொருளுக்குப் பொறுப்பு நான் என்பதால் நானும் கட்ட வேண்டும் என்றார் அதிகாரி, கட்டினேன். கணக்கில் வராத மூன்று நோட்டுகள் விசாரணைக்குச் சான்று என்பதால் அவற்றைத் திருப்பித் தர முடியாது. ஆக, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் காணாமல் போன இடத்தில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் சேர்ந்துவிட்டது. நான் கேள்விப்பட்ட கையாடல்களில் அரசுக்கு லாபம் வந்தது இது ஒன்றுதான். கட்டியதும் நல்லதற்கில்லை. பணத்தை ஈடுகட்டியதிலிருந்து குறைவு இருந்ததை ஊழியர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்று அதிகாரி அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தார்.

வடகரைக்காரரின் மனுவுக்குப் பதில் எழுத வேண்டுமே, அதற்காக அந்த மூன்று நோட்டுகளையும் தேடிப் பார்க்கும்படி உத்தரவு வந்தது. அண்ணாச்சியும் நானும் சாரலில் நனைந்துகொண்டே குற்றாலத்துக்குப் போனோம். அன்று அண்ணாச்சிக்கு மங்குஸ்தான் விற்ற பழக்கார அம்மா அதே இடத்தில்தான் இருந்தாள். நான் மூன்று நம்பரையும் வாசித்துக் காட்டினேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போன வருசம் வாங்குன நோட்டா? நேத்து வாங்குனதே எங்கன போச்சுன்னு தெரியல. ரம்புட்டான் வேணுமா, சொல்லுங்க."

அதை அப்படியே எழுதி, ரம்புட்டானை மட்டும் விட்டுவிட்டு, அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டோம். திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். "முப்பதாம் தேதிக்குள்ள இது ஓயாட்டா என்னைய ரிட்டயர் ஆவ விடமாட்டாவம்மா" என்றார். "பென்சனும் வராது, பணிக்கொடையும் வராது. வேலையும் இருக்காது, வீட்டுக்கும் போவ முடியாது."

இரண்டு நாள் கழித்து என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். கொடியிலிருந்து நோட்டுகளை எடுத்தது யார்? இது ஒரே கேள்வி. என் பெயர் அப்போது பதவி உயர்வுப் பட்டியலில் நான்காவதாக இருந்தது. பதினேழு பி என்று ஒரு குற்றச்சாட்டு வந்தால் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் விழுந்துவிடும் என்பது அரசு ஊழியர் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அண்ணாச்சி கேட்டார், நான் கழற்றிக் கொடுத்தேன் என்று எழுதினால் பதினேழு பி எனக்கு. நான் இப்படி எழுதினேன்: "தலைமை எழுத்தர் கொடியிலிருந்து மூன்று நோட்டுகளை எடுத்துக்கொண்டார்."

அவர் வாசலைத் தாண்டியதே இல்லை. ஒழுங்கு, ஒழுங்கு என்று பதினாறு வருஷம் ஊரையே அதட்டியவள், நீல மையில், அழகான கையெழுத்தில் அதை எழுதினேன்.

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, ஊழியர் எழுதும் எந்தக் கடிதமும் தலைமை எழுத்தர் வழியாகத்தான் மேலே போக வேண்டும். அவரைப் பற்றிய கடிதமாக இருந்தாலும் அவர் வழியாகத்தான். அவர் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவை வரிமேல் ஓட்டியபடி படித்தார். அந்த வரியில் பேனா நின்றது.

"கொடியிலிருந்துன்னு மட்டும் போட்டிருக்கியே. பிராப்பர்ட்டி ரூம்ல கட்டியிருந்த கொடியிலிருந்துன்னு போடும்மா. இல்லன்னா எந்தக் கொடின்னு கேட்டுத் திருப்பி அனுப்பிருவாவ."

திருத்திக் கொடுத்தேன். 'பார்வைக்குப் பணிந்து அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கையொப்பம் வைத்து, அனுப்புகைப் பதிவேட்டில் அவரே எண் போட்டார்.

முப்பதாம் தேதி பிரிவு உபசார விழாவுக்கு எல்லாம் தயாராக இருந்தது. மாலை, பொன்னாடை, எழுபது பேருக்குப் பிரியாணி. நாலே முக்காலுக்கு உத்தரவு வந்தது: தற்காலிகப் பணிநீக்கம், ஓய்வுபெற அனுமதி இல்லை. பிரியாணி அதற்குள் இறக்கிவைக்கப்பட்டிருந்தது. பிரியாது இருப்பவருக்குப் பிரிவு உபசாரம் செய்யலாமா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. சாப்பாட்டை மட்டும் சாப்பிடலாம், பேச வேண்டாம் என்று முடிவாயிற்று. பேச்சுத் தயாரித்து வந்திருந்த பெஞ்ச் கிளார்க் தயிர்ப் பச்சடி பரிமாறினார். நாங்கள் காசு போட்டு வாங்கிய கிரைண்டரைப் பணிநீக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். கடைக்காரரும் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அது பிராப்பர்ட்டி அறைக்கு வந்தது. அதற்கும் எண் போட்டேன்.

முறையான விசாரணை பதினொரு மாதம் கழித்துத்தான் தொடங்கியது. அதுவரை அவருக்குப் பாதிச் சம்பளம், பிழைப்பூதியம் என்ற பெயரில். விசாரணை அதிகாரியாக வேறு ஊர் நீதிபதி ஒருவர் வந்திருந்தார். நான் அரசுத் தரப்பில் முதல் சாட்சி. இன்னும் சொன்னால் ஒரே சாட்சி. அண்ணாச்சி எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் விளக்கத்தை வாசித்துக் காட்டி, இது நீங்கள் எழுதியதுதானே என்றார்கள். ஆமாம் என்றேன். இனி அவர் என்னைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நோட்டை யார் கழற்றியது என்று அவர் ஒரு கேள்வி கேட்டால் போதும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்திருந்தேன். கேட்டால் சொல்வது என்று. அதுதான் என் வீரம்.

"குறுக்கு விசாரணை உண்டா?"

"இல்லங்கய்யா" என்றார் அண்ணாச்சி.

எழுந்துவிட்டேன். "ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். அவுக அந்த ரூமுக்குள்ள வரவே இல்ல. நோட்டைக் கழத்திக் குடுத்தது நான்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தாள். அவர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. "இதை எழுதினா நீங்க சாட்சி இல்லம்மா. உங்க மேல தனியா குற்றச்சாட்டு, அதுக்கு உங்க பதில், அதுக்குத் தனி விசாரணை. அது முடியற வரைக்கும் இவரோட விசாரணையை நிறுத்தி வைக்கணும்."

"எவ்வளவு நாளாவும் ஐயா?"

"இதுக்கே பதினொரு மாசம் ஆயிருக்கு."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். அவர் அலுவலகத்தில் ஒரு கட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னார்:

"வேண்டாம்மா. இன்னைக்கு இது முடிஞ்சா, மாசம் நூறோ இருநூறோ வெட்டிட்டு மிச்ச பென்சனைத் தந்துருவாவ. நீ நெசத்தச் சொன்னா எனக்கு இன்னும் ரெண்டு வருசம் இழுக்கும். வீட்டுல மருந்துக்கே இழுபறியா இருக்கு."

அதிகாரி என்னிடம் கேட்டார், "என்ன எழுதச் சொல்றீங்க?"

தட்டச்சுப் பெண் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன். 'குறுக்கு விசாரணை இல்லை' என்று அதிகாரி சொல்ல, அவள் அடித்தாள். தாள்களை உருவி என் முன்னே வைத்தார்கள். என் பொய் ஒவ்வோர் எழுத்தாக, பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. அதன் கீழே எல்லா வாக்குமூலங்களிலும் வரும் வாசகம்: 'படித்துக் காட்டப்பட்டது, சரி என்று ஒப்புக்கொண்டேன்.'

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாப் பக்கத்துலயும் போடணும்மா" என்றார்.

நாலு பக்கம். நாலிலும் போட்டேன்.